பக்கத்துக் கட்டில்காரி

கொட்டாஞ்சேனை
2024 மார்ச் 12

சுபோதினிக்கு,

உன் நம்பரை என் போனில் புளொக் பண்ணிவிட்டேன். எடுத்து எடுத்துப் பார்த்துக் களைக்காதே. கைவிரல்களுக்குப் பயிற்சியாகத் தினமும் ஒரு பக்கம் பேனையால் எழுதச் சொல்லிப் பிசியோவில் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு நாளும் பைபிளில் சங்கீதங்களைப் பார்த்து எழுதினேன். இன்று உனக்கு எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். அது கோபத்தால் இல்லை, பெருவிரல் இன்னும் ஒழுங்காக மடங்குவதில்லை. கோபம் வேறு.

சனிக்கிழமை நான் வெள்ளவத்தைக்கு வந்தேன். வீட்டுக்குள்ளேயே கிடந்து முகம் கறுத்துப் போகிறது என்று என் மனுஷன் கிளின்ரன் யாரோ சிநேகிதனின் வானைக் கேட்டு வாங்கி, என்னை மாடியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து முன் சீற்றில் இருத்தினார். கடற்கரைப் பக்கத்தால் போய்க் காலி வீதியால் திரும்பினோம். மார்க்கெற்றுக்கு முன்னால் சிவப்பு லைற் விழுந்தது. அப்போது எங்கள் வானுக்கு முன்னால் நீ ரோட்டைக் கடந்தாய்.

பச்சைச் சட்டை. கையில் துணிப் பை, அதற்குள்ளிருந்து முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. தடியும் இல்லை, வோக்கரும் இல்லை. பாதி ரோட்டில் லைற் மாறி பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். நீ ஓடினாய், சுபோ. எட்டி நடக்கவில்லை, ஓடினாய்.

அதற்கு முதல் நாள் பின்னேரம்தான் போனில் என்னிடம் "இன்னும் வோக்கர்தான் அக்கா, பாத்ரூமுக்குப் போய் வரவே களைச்சுப் போறன்" என்றாய். வீடியோவில் கதைக்கும்போதெல்லாம் உனக்குப் பின்னால் அந்த வோக்கர் நிற்கும். இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன், அதில் எப்போதும் துவாய் காய்ந்துகொண்டிருந்தது.

களுபோவில ஆஸ்பத்திரியில் நாங்கள் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். உனக்கும் எனக்கும் ஒரே வருத்தம். வயிற்றோட்டம் வந்து போன பிறகு பாதத்தில் தொடங்கிய விறைப்பு இடுப்புக்கும் கைக்கும் ஏறி, எங்கள் உடம்பே எங்கள் நரம்பைத் தின்கிறது என்று டொக்டர் சொன்ன அந்தப் பேர் வாயில் நுழையாத வருத்தம். எனக்குத் தொண்டையில் துளை போட்டு மெஷினில் மூச்சு. உனக்கு அது வரை போகவில்லை. அப்போதே நீ கொடுத்து வைத்தவள்தான். ஆனால் பொய்க்காரி என்று நினைக்கவில்லை.

நல்ல மனசுக்காரி என்றால் உன்னைக் கண்டு சந்தோஷப்பட்டிருப்பாள். நான் என்ன நினைத்தேன் என்றும் எழுதிவிடுகிறேன். அந்த பஸ் உன்னைத் தட்டட்டும் என்று நினைத்தேன். சாகடிக்க அல்ல. காலை மட்டும்.

ஷாமிலா


வெள்ளவத்தை
2024 மார்ச் 19

ஷாமிலா அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மாடிப்படியில் நின்றே வாசித்தேன். படியில் நின்றேன் என்று உங்களுக்கு எழுதுவது சரியா என்றும் யோசித்தேன். இனி ஒளிக்க ஒன்றும் இல்லை, ஆகவே எழுதுகிறேன்.

நீங்கள் கண்டது என்னைத்தான். போன வருடம் புரட்டாதியிலிருந்து பிடியில்லாமல் நடக்கிறேன். தை மாதம் வங்கியில் வேலைக்கும் திரும்பிவிட்டேன். பாதம் இன்னும் மரத்தபடிதான் இருக்கிறது, நிலத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் வைக்கிறேன். செருப்புக் கழன்று விழுந்தால் கூடத் தெரிவதில்லை. இதைச் சொல்வதால் உங்களுக்கு ஆறுதல் வராது என்பது தெரியும். உண்மை அதுவாக இருப்பதால் சொல்கிறேன்.

ஏன் ஒளித்தேன் என்று கேட்பீர்கள். பிசியோவில் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் பிடிக்காமல் நின்றேன் என்று போன வருடம் ஒருநாள் சந்தோஷத்தில் உங்களுக்குச் சொன்னேன். நீங்கள் "நல்லம்" என்றீர்கள். பிறகு போனை வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் பிசியோவுக்கும் போகவில்லை, ஒழுங்காகச் சாப்பிடவும் இல்லை என்று கிளின்ரன் அண்ணா எனக்குப் போன் எடுத்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தங்கச்சி, குறை நினைக்காதீங்க. நீங்க நடக்கிற கதையைக் கொஞ்ச நாளைக்கு அவவுக்குச் சொல்லாதீங்க. அவ எழும்பட்டும், பிறகு சொல்லுங்க."

நான் சரி என்றேன். கொஞ்ச நாள் என்பது நீண்டுபோனது. ஒரு பொய் சொன்னால் அடுத்த முறை போன் எடுக்கும்போது அதை ஞாபகம் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. அப்படித்தான் அந்த வோக்கரை மடித்து வைக்காமல் விட்டேன்.

மன்னிப்புக் கேட்கிறேன். புளொக்கை எடுத்துவிடுங்கள் என்று கேட்கவில்லை.

சுபோதினி


கொட்டாஞ்சேனை
2024 மார்ச் 27

சுபோ,

ஆக, என் காலைப் பற்றி முடிவெடுக்க நீயும் என் புருஷனும் கூட்டம் வைத்திருக்கிறீர்கள்.

உன் கடிதம் வந்த அன்று, அவர் துறைமுகத்தில் வேலை முடித்து வந்து என் காலுக்குத் தாங்கு பட்டி கட்டிக்கொண்டிருந்தார். பாதம் தொங்கிவிடாமல் பிடித்துக்கொள்ளும் அந்தப் பிளாஸ்ரிக் பட்டி, உனக்குத் தெரியும். நீ அதைக் கழற்றி எங்கே எறிந்தாயோ தெரியாது. கேட்டேன்.

"சுபோவோட போன்ல கதைக்கிறீங்களா?"

அவர் நிமிரவில்லை. "ஓம். இடைக்கிடை" என்றார்.

ஒரு தடவை அல்ல, இடைக்கிடை. நீ ஒரு தடவை கதைத்த மாதிரித்தானே எழுதியிருந்தாய். இப்போதும் கதைப்பதுண்டா என்றேன், ஓம் என்றார். என்ன கதை என்றேன். என்னைப் பற்றித்தான் என்றார். வேறு என்ன என்றேன். பட்டியின் வாரை இன்னும் இறுக்கினார். இருபது வருடமாக அந்த முகத்தைப் பார்க்கிறேன். அதில் ஒன்று ஒளிந்திருந்தால் எனக்குத் தெரியாதா?

உனக்கு நாற்பது வயது. கோணிப் போன முகமும் திரும்பி நேராகிவிட்டது. எனக்கு இடது கண் இன்னும் முழுதாக மூடுவதில்லை. நித்திரையிலும் ஒரு கண் திறந்தபடி கிடக்கிறேன். எத்தனை பெண்களுக்கு நான் முகம் எழுதிச் சேலை உடுத்தி மணவறைக்கு அனுப்பியிருக்கிறேன். கொட்டாஞ்சேனையில் பாதிக் கலியாண அல்பத்தில் என் கைவேலை இருக்கிறது. இப்போது கண்ணாடி பார்ப்பதற்கே இன்னொருவர் என்னைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அவர் உன் குரலைக் கேட்டுவிட்டு வந்து என் முகத்தைப் பார்க்கிறார் என்று நினைக்கும்போது வயிறு பற்றி எரிகிறது.

கோபித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தக்கூட எனக்கு ஏலாது. யாரோடு கோபமோ அவரே என்னைத் தூக்கிக்கொண்டு போய் அந்த அறையில் விட வேண்டும். அவருடைய கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டே முகத்தை மற்றப் பக்கம் திருப்புகிறேன். நாள் முழுக்க அவரோடு ஒரு சொல் பேசுவதில்லை. அவரும் பேசாமலே தூக்குகிறார், கழுவுகிறார், இருத்துகிறார்.

பிசியோவுக்கு இனிப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதையும் அவர் உனக்குச் சொல்லியிருப்பார்.

உனக்குக் கால் கிடைத்துவிட்டது. வீட்டில் உன் புருஷன் ஜனா இருக்கிறார். பிறகும் என் வீட்டிலிருந்து உனக்கு என்ன வேண்டியிருக்கிறது?

ஷாமிலா


வெள்ளவத்தை
2024 ஏப்ரல் 30

ஷாமிலா அக்காவுக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு இவ்வளவு நாள் எடுத்தது. எழுதிக் கிழித்தேன். நான் வங்கியில் இருப்பவள், சுருக்கமாக எழுதத்தான் பழக்கம். இது சுருக்கமாக வரவில்லை.

ஜனா வீட்டில் இல்லை. கார்த்திகை மாதம் போய்விட்டார். பம்பலப்பிட்டியில் ஒரு அறை எடுத்து இருக்கிறார். உங்களிடம் மட்டுமல்ல, யாரிடமும் நான் இதைச் சொல்லவில்லை.

நான் நடப்பதை முதலில் ஒளித்தது உங்களிடமிருந்து இல்லை, அக்கா. அவரிடமிருந்து.

வார்ட்டில் இருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் நாள் தவறாமல் வந்தார். கட்டிலின் கால் பக்கத்தில் நின்றார். டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்பார், கையில் கிருமிநாசினி தேய்த்துக்கொள்வார், போவார். என்னைத் தொடவில்லை. ஒட்டிவிடும் வருத்தம் இல்லை என்று நேர்ஸ் சொல்லியும் தொடவில்லை. அதே நேரத்தில் பக்கத்துக் கட்டிலில் கிளின்ரன் அண்ணா உங்களுக்குப் பல் துலக்கிவிடுவார். கால்விரல்களின் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துணியால் ஒற்றுவார். தலை இழுத்துப் பின்னிவிடுவார், அது கோணிப் போகும், அவிழ்த்து மறுபடி பின்னுவார். உங்களுக்குப் பேச வராத நாட்களில், நீங்கள் கண்ணைச் சிமிட்டினால் தண்ணீரா, தலையணையா, ஜன்னலா என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார்.

மற்றப் பக்கம் திரும்பிப் படுக்கலாம் என்றால் எனக்கு அப்போது கழுத்தைத் திருப்பவும் ஏலாது. பார்க்கத்தான் வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் பார்த்தேன். நீங்கள் அந்த மெஷினில் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தீர்கள், நான் உங்கள் மீது பொறாமைப்பட்டுக்கொண்டு கிடந்தேன். யாரிடமாவது சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு, ஜனா வேலைக்குப் போனதும் சுவரைப் பிடித்துப் பழகினேன். பிறகு சுவரையும் விட்டேன். அவர் வரும் நேரத்துக்குக் கட்டிலில் ஏறி இருந்துகொள்வேன். ஏன் என்று அப்போது எனக்கே விளங்கவில்லை. ஒருநாள் அவர் நேரத்தோடு வந்துவிட்டார். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன், பிடி ஒன்றும் இல்லாமல். இரண்டு கோப்பையிலும் ஊற்றி அவரிடம் நடந்து போய்க் கொடுத்தேன். கை கொட்டுவார் என்று நினைத்தேன் போலும். வாங்கிக் குடித்தார்.

"படி ஏறி இறங்கவும் ஏலுமா?" என்று கேட்டார்.

ஏலும் என்றேன்.

"அப்ப இனி நீர் தனிய சமாளிப்பீர்" என்றார்.

அடுத்த மாதமே போய்விட்டார். நடக்க ஏலாத மனுசியை விட்டுப் போனால் சனம் என்ன சொல்லும் என்றுதான் அது வரை இருந்திருக்கிறார். நான் எழும்பி நடந்தது அவருக்கு வழி விட்ட மாதிரி ஆனது.

கிளின்ரன் அண்ணாவோடு கதைத்ததை மறுக்கவில்லை. அவர் எடுத்தபோதெல்லாம் நான் கதைத்தேன். சீக்கிரம் வைத்திருக்கலாம், வைக்கவில்லை. இந்த வீட்டில் போன் அடிப்பதே அபூர்வமாகிவிட்டது. ஆனால் அவர் கதைத்ததெல்லாம் உங்களைப் பற்றித்தான். கண்ணுக்கு எந்த மருந்து விடலாம், கால் பிடித்து இழுத்தால் எப்படி ஆற்றலாம். வைத்த பிறகு எனக்கு எரிச்சல்தான் மிஞ்சும். என் வீட்டில் என்னைப் பற்றி அப்படி யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சொல்லமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். ஒளித்ததால் நடந்தது போதும். அவருடைய முதுகைப் பற்றி அவரிடம் கேளுங்கள்.

சுபோதினி


கொட்டாஞ்சேனை
2024 மே 18

சுபோ,

உன் கடிதத்தை வாசித்ததும் எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. ஆக, அவளுக்கும் இல்லை என்று ஒரு ஆறுதல். பிறகு வெட்கம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது வர நேரம் எடுத்தது. வந்தது.

முதுகைப் பற்றிக் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம் என்றும் இருக்கிறது.

அவர் அன்று என்னைக் குளிப்பாட்டிக் கட்டிலில் இருத்திவிட்டு நிமிர்ந்தார். நிமிரும்போது கட்டில் சட்டத்தைப் பிடித்தார். நான் அதை எத்தனையோ நாள் கண்டிருக்கிறேன், பார்க்கவில்லை. சேர்ட்டைக் கழற்றச் சொன்னேன். மாட்டேன் என்றார். நான் கத்தவில்லை. உன் கடிதத்தை எடுத்து நீட்டினேன். கடைசி வரியை வாசித்துவிட்டுக் கழற்றினார். இடுப்பைச் சுற்றி இறுக்கி ஒரு பெல்ற், கீழே தோல் புண்ணாகியிருந்தது.

முள்ளந்தண்டில் ஒரு தட்டு விலகியிருக்கிறதாம். தைப்பொங்கலுக்கு முன்னமே டொக்டரிடம் காட்டியிருக்கிறார். பாரம் தூக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். துறைமுகத்தில் கேட்டு மேசை வேலைக்கு மாறிக்கொண்டார். பிறகு வீட்டுக்கு வந்து என்னைத் தூக்கினார். எந்தப் பயிற்சி செய்யலாம், எப்படிக் குனியலாம் என்று உன்னிடம் கேட்டிருக்கிறார்.

இதை உனக்குச் சொன்னேனா இல்லையா என்று தெரியவில்லை, உன் மீது எனக்கு இன்னும் எரிச்சல்தான். முன்னையதை விடக் கூட. நான் வருடக்கணக்காக அந்த முதுகில்தான் இருக்கிறேன். அது நோகிறது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. ஒரு பெண்ணுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் பொறாமைப்பட?

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ தூக்க விடமாட்டாய். பிறகு யார் தூக்குறது?" என்றார்.

அன்றுதான் முதல் தடவையாக, என் காலைப் பற்றி நினைக்காமல் நான் அழுதேன்.

அடுத்த கிழமை பிசியோவுக்குப் போனோம். கீழ் வீட்டுப் பைறோஸா ராத்தாவின் மருமகனும் இன்னொருவரும் கதிரையோடு சேர்த்து இறக்கினார்கள். அவர் தொடவே கூடாது என்று சொன்னேன், அவர் பின்னால் வந்தார், தூக்காத கையை எங்கே வைப்பதென்று தெரியாமல். அங்கே நான் முதல் தடவையாக நேராகக் கேட்டேன், நான் நடப்பேனா இல்லையா என்று. பிசியோ பழக்கும் அந்தப் பிள்ளை சுற்றி வளைக்காமல் சொன்னாள். காலில் இனிப் பெரிதாகப் பலம் வர இடமில்லை, தோளிலும் கையிலும் வரும். நடக்கப் பழக்குங்கள் என்று இனிக் கேட்கவில்லை, என்னை நானே கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றப் பழக்குங்கள் என்றேன். ஒரு வழுக்குப் பலகை தந்திருக்கிறார்கள். கட்டிலுக்கும் கதிரைக்கும் குறுக்கே போட்டு, கையை ஊன்றிச் சறுக்கிப் போக வேண்டும். முதல் நாள் நடுவில் சிக்கி நின்றேன். இப்போது போகிறேன், மெதுவாக.

ஜனாவைப் பற்றி எழுத வேண்டும். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நான் அவரை ஒருநாளும் நல்லவர் என்று நினைத்ததில்லை, கட்டிலின் கால்மாட்டில் நிற்பவர்களை எனக்குப் பிடிக்காது.

உன் நம்பரைப் புளொக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் எடுக்காதே. எழுது. கைக்கு நல்லது.

ஷாமிலா


வெள்ளவத்தை
2024 ஜூன் 29

ஷாமிலா அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மேசை லாச்சியில் வைத்து வேலைத்தலத்திலும் வாசித்தேன். வழுக்குப் பலகையில் நடுவில் சிக்கிய இடத்தில் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைத் துஷாந்தினி என்ன என்று கேட்டாள், சொல்லவில்லை.

ஜனா விவாகரத்துக்குக் கையெழுத்துக் கேட்டு லோயர் மூலம் அனுப்பியிருந்தார். போட்டுக் கொடுத்துவிட்டேன். லோயரின் கந்தோருக்கு அவரும் வந்திருந்தார். நான் படியேறி வருவதைப் பார்த்து, "இப்ப நல்லா நடக்கிறீர்" என்றார். நீங்கள்தான் என்னைத் திட்டினீர்கள், நான் ஓடினேன் என்று. அவர் கண்டும் அவருக்கு ஒன்றும் எரியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் இருந்து அதைத்தான் யோசித்தேன். என் கால் யாருக்காவது ஒரு பொருட்டாக இருந்தது என்றால் அது உங்களுக்குத்தான்.

பைறோஸா ராத்தா மகள் ஷஸ்னாவோடு தெஹிவளைக்குப் போவதாகவும், நிலத்தோடு இருக்கும் அவருடைய கீழ் வீட்டுக்கு நீங்கள் மாறப் போவதாகவும் கிளின்ரன் அண்ணா சொன்னார். ஓம், கதைத்தோம். இனி ஒளிக்கமாட்டேன். அவர் இந்தத் தடவை அலுமாரியை எங்கே வைப்பது என்றுதான் கதைத்தார். நீங்கள் இரண்டு பேரும் எங்கே அலுமாரி வைப்பதென்று சண்டை பிடிப்பதைக் கேட்கவும் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. இங்கே அலுமாரியை எங்கே வைத்தாலும் கேட்க ஆள் இல்லை.

வீடு மாறும் நாளுக்கு நான் வரலாமா? சட்டி பானை தூக்குவேன். என்னிடம் இரண்டு கால் இருக்கிறது, கொண்டு வரட்டுமா? இப்படிக் கேட்பது பிழை என்றால் இந்த வரியை வெட்டிவிட்டு வாசியுங்கள்.

சுபோதினி


கொட்டாஞ்சேனை
2024 ஜூலை 8

சுபோ,

வெட்டவில்லை. வா.

வரும் ஞாயிறு, காலைப் பூசை முடிய. சட்டி பானைக்கு ஆட்கள் இருக்கிறார்கள். உனக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன்.

இந்தப் படியால் இனி என்னை யாரும் தூக்கி இறக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். நானே இறங்கப் போகிறேன். படியில் குந்தி இருந்து, இரண்டு கையையும் ஊன்றி, அடுத்த படிக்கு உடம்பை இறக்கி, மறுபடி இருந்து. பிசியோவில் பழக்கினார்கள். மானம் போகிற வேலைதான், சின்னப் பிள்ளைகள் இறங்குகிற மாதிரி. கிளின்ரன் கேட்டுவிட்டுப் போய்ப் படிகளை சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வந்தார்.

ஒரே கரைச்சல் என் பாதம். அது தானாக வராது. நான் இறங்க இறங்க ஒருவர் எனக்குக் கீழே நின்று, இரண்டு பாதத்தையும் பிடித்து, ஒவ்வொரு படியாக இறக்கி வைக்க வேண்டும். அவருக்குக் குனிய ஏலாது. மருமகன்காரனிடம் என் காலைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. நீ பிடி. உன் பாதமும் மரத்ததுதான், பின்பக்கமாக இறங்கப் பயமென்றால் நீயும் என்னோடு இருந்து இருந்தே இறங்கு. யார் பார்த்துச் சிரித்தாலும் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிக்கட்டும்.

ஒன்று முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே. வழி நெடுக உன் காலைத்தான் பார்த்துக்கொண்டு வருவேன், எனக்குத் தெரியும். நீயும் நிமிர்ந்து பார்ப்பாய். மேல் படியில் ஒரு மனுஷன் முதுகைப் பிடித்துக்கொண்டு, நான் விழுந்துவிடுவேனோ என்று வாயைத் திறந்தபடி நிற்பார். அவரை நீ எப்படிப் பார்ப்பாய் என்றும் எனக்குத் தெரியும். பார். எனக்கும் எரியும், உனக்கும் எரியும். எரிந்தால் எரியட்டும்.

பாதத்தை மட்டும் விட்டுவிடாதே.

ஷாமிலா அக்கா